இரண்டு பெட்டி, ஒரே குரல்

புதிய ப்ரீஆம்ப் வாங்குவதா, யாரோ பயன்படுத்திய பழையதை வாங்குவதா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள், இணையத்தில் எழுதுகிறவன் பேச்சையும் கேட்காதீர்கள், இரண்டையும் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் காதால் கேளுங்கள். இணையத்தில் எழுதுகிறவர்களில் நானும் ஒருவன், அதனால் இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

பக்கத்து வீட்டுச் சேதுபதி அங்கிள் இறந்ததைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்பது தெரியும். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் இந்த இரண்டு பெட்டிகள்தான். இவை என் வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால் அவர் தரையில் கிடந்தது எனக்குக் கேட்டே இருக்காது. அப்போதும் அவர் இறந்துதான் போயிருப்பார், நான் மட்டும் இந்தப் போலீஸ் விசாரணை அறையில் உட்கார்ந்திருக்க மாட்டேன். இதை ஏனோ யாரும் யோசிப்பதில்லை.

மைக்கிலிருந்து வருவது மிக மெல்லிய மின்சாரம். அதைக் காதுக்கு எட்டும்படி பெரிதாக்குகிற பெட்டிக்குப் பெயர் ப்ரீஆம்ப். பெரிதாக்கும்போது ஒவ்வொரு பெட்டியும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும். உரக்கப் பேசினால் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான். பாடுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். மெலிந்த குரலைக் கொடுத்தால்தான் அதன் யோக்கியதை வெளியே வரும். அதுவும் ஒரே குரல், ஒரே தூரம், ஒரே வார்த்தைகள் என்று இரண்டு பெட்டிக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும். ஒரு முறை பேசும்போது நாக்கு ஈரமாகவும் மறுமுறை வறண்டும் இருந்தால்கூட ஒப்பீடு செல்லாது. என் வாசகர்கள் அதைக் கண்டுபிடித்து என்னைக் கிழித்துவிடுவார்கள்.

நான் கதைப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து கொடுக்கிறவன். சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில், தேக்கா மார்க்கெட்டை ஒட்டிய அடுக்குமாடியில் எட்டாவது மாடி. ஒரு படுக்கையறையைப் பதிவு அறையாக மாற்றி வைத்திருக்கிறேன். அந்த இரைச்சலில் போய் இந்தத் தொழிலா என்று எல்லோரும் கேட்பார்கள். அப்பா விட்டுப்போன வீடு, வேறு வழியில்லை. கீழே மீன் வெட்டுகிற சத்தம், லாரி பின்வாங்குகிற சத்தம், ஞாயிற்றுக்கிழமையானால் கிராஞ்சி விடுதிகளிலிருந்து வந்து இறங்கும் வெளிநாட்டு ஊழியர்கள் ஊருக்குப் போன் பேசுகிற சத்தம், மேல்வீட்டில் டிரில் போடுகிற சத்தம். வருடத்தில் இரண்டே நாள்தான் அந்தக் கட்டடம் வாயை மூடும். சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாள். மார்க்கெட் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும், டிரில் போட அனுமதி கிடையாது. எங்கள் மாடியில் எட்டு வீடு. ஆறு வீட்டில் சீனக் குடும்பங்கள், அவர்கள் காலையிலேயே உறவினர் வீடுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் நானும் சேதுபதி அங்கிளும்தான்.

என் பழைய ப்ரீஆம்ப் தைப்பூசத்துக்கு மறுநாள் செத்துப்போனது. புத்தாண்டு விடுமுறைக்கு முன்பே இரண்டு பெட்டிகளை ஏற்பாடு செய்தேன். ஒன்று புத்தம் புதிது, பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் கடைக்கே திருப்பித் தரலாம். மற்றது முப்பது வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பெட்டி. உட்லண்ட்ஸில் ஜலாலுதீன் என்று ஒருவர், பழைய ஒலிக்கருவிகளை வாங்கிச் சுத்தம் செய்து விற்கிறவர், அவரிடம் இருந்தது. ரயில் நிலையத்தில் வைத்துக் கொடுத்தார். இரண்டு நாள் வைத்துக் கேளுங்கள், பிடிக்காவிட்டால் நானே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

இனி சேதுபதி அங்கிளைப் பற்றி. எழுபத்தாறு வயது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி போய்ப் பல வருடம். என் பதிவு அறையும் அவருடைய சமையலறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். ஆறு வருடமாக அந்தச் சுவர் வழியாக அவரைக் கேட்டிருக்கிறேன். காலை ஐந்து நாற்பதுக்கு இருமல் ஆரம்பிக்கும். முதலில் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல், பிறகு சளியைத் தொண்டைக்கு இழுக்கிற சத்தம், அது வாயில் புரளுகிற சத்தம், பிறகு தொட்டியில் விழுகிற சத்தம். அதன்மேல் குழாயைத் திறப்பார். பல்செட்டைக் கண்ணாடி டம்ளரிலிருந்து எடுத்து மாட்டுவார், ஒரு உறிஞ்சல். காப்பியைத் தட்டில் ஊற்றிக் குடிப்பார், இன்னொரு உறிஞ்சல். வாயின் ஈரச் சத்தங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பதுதான் என் தொழிலில் பாதி, ஆனால் அதைப் பகலில், காசு வாங்கிக்கொண்டு, யாரோ ஒருவருடைய வாயில் செய்கிறேன். இவருடையது இலவசமாக, தினமும், வெறும் வயிற்றில்.

காரிடாரில் நாற்காலி போட்டுக் கால் நகம் வெட்டுவார். வெட்டிய துண்டுகள் என் மிதியடியில் குத்திக்கொண்டு நிற்கும். மிஞ்சிய சோற்றைப் புறாக்களுக்கு வைப்பார், சட்டப்படி குற்றம் என்று சொல்லியும் கேட்கமாட்டார். புறாக்கள் என் ஷூவில் எச்சமிடும். ஒருமுறை மூக்கைத் துடைத்த அதே கையால் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். சிரித்துக்கொண்டே வாங்கி, கதவைச் சாத்தி, இரண்டு பை போட்டுக் கட்டிக் குப்பையில் போட்டேன். நான் அவரை வெறுத்தேன் என்று எழுதாதீர்கள். வெறுப்பு ஒரு ஆளின்மேல் வருவது. எனக்கு வந்தது அருவருப்பு. அது ஈரத்தின்மேல் வருவது, அதில் ஆளுக்கு இடமே இல்லை.

அவருக்கு ஒரே மகள், வித்யா. பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறார், நல்ல பெண், பள்ளி ஆசிரியை. இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு இதயத்தில் ஏதோ பிரச்சினை என்று ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். அப்போது என்னிடம் வந்து வீட்டின் இன்னொரு சாவியைக் கொடுத்தார். நான் தயங்கினேன். அடிக்கடி போய்ப் பார்க்க என்னால் முடியாது என்று சொன்னேன்.

"அடிக்கடி பாக்க வேணாம் அண்ணா," என்றார் வித்யா. "ஏதாவது வித்தியாசமா சத்தம் கேட்டா மட்டும் போய்ப் பாருங்க. உங்க காதுதான் எங்களுக்கு அலாரம் லா."

என் காதைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன். பொறுப்பை ஏற்றுக்கொண்டேனா என்று கேட்டீர்கள். ஏற்றுக்கொண்டேன்.

புத்தாண்டின் முதல் நாள் காலை ஐந்து நாற்பதுக்கு இருமல் வரவில்லை. நான் விழித்துத்தான் இருந்தேன். ஆறு மணிக்கும் வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகத் தோசை ஊற்றிச் சாப்பிட்டேன், ஒன்பது மணிக்குப் பதிவு அறைக்குப் போனேன். மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, எல்லாவற்றையும் அணைத்தேன். ரிப்பன் மைக்கைப் புதிய பெட்டியில் செருகி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வெறும் அறையின் இரைச்சலைக் கேட்பதற்காக ஒலி அளவை முழுவதும் ஏற்றினேன். அப்போதுதான் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தரையில் உரசுகிற சத்தம். இடைவெளி விட்டு ஒரு தட்டல். பிறகு மனிதக் குரல். வார்த்தை புரியவில்லை, ஆனால் யார் என்று தெரிந்தது. வெறும் காதுக்கு எதுவும் எட்டவில்லை, ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்தேன். அந்தப் பெட்டி அவ்வளவு சுத்தம். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

சாவியை எடுத்துக்கொண்டு போனேன். நான் போகாமல் இருக்கவில்லை என்பதையும் நீங்கள் எழுத வேண்டும்.

சமையலறையில், கழிவறை வாசலில், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். விடியற்காலையில் வழுக்கியிருக்க வேண்டும். ஒரு கால் இயற்கைக்கு மாறான கோணத்தில் திரும்பியிருந்தது. இடுப்புப் பக்கம் வேட்டிக்குக் கீழே தோல் கறுத்து வீங்கியிருந்தது. வேட்டியும் தரையும் ஈரம். அது தண்ணீர் இல்லை. நான் வெறுங்காலோடு போயிருந்தேன், ஒரு கால் அதில் பட்டுவிட்டது. எதுவும் பேசாமல் என் வீட்டுக்குத் திரும்பி, காலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, செருப்பு மாட்டிக்கொண்டு, மூக்குக்கு முகமூடியும் போட்டுக்கொண்டு மறுபடி போனேன். இதற்குப் பதினைந்து நிமிடம் ஆனது.

"வந்துட்டியா தம்பி," என்றார். "போயிட்டியோன்னு நெனச்சேன்."

அந்தக் குரலைக் கேட்டு நான் நின்றுவிட்டேன். ஆறு வருடத்தில் முதல்முறையாக அதில் ஈரம் இல்லை. சளி இல்லை, எச்சில் இல்லை. பல்செட் கழன்று எங்கோ போயிருந்தது. மணிக்கணக்காகத் தண்ணீர் இல்லாமல் கிடந்ததில் வாய் சுத்தமாகக் காய்ந்துபோய், மெல்லியதாக, கீழ் ஸ்தாயியில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. எத்தனையோ பேரை உட்காரவைத்து, ஆப்பிள் கடிக்கவைத்து, வாயைக் கொப்பளிக்கவைத்தும் எனக்குக் கிடைக்காத குரல். ப்ரீஆம்பைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான குரலை நான் கேட்டதில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் மைக்கை நிறுத்தி, கேபிள் இழுத்து, பெட்டிக்கு ஒரு பதிவு என்று இரண்டு டேக் எடுக்க முடியாது. அதனால் முதலில் பதிவு, பிறகு அழைப்பு என்று வைத்துக்கொண்டேன். செய்ய வேண்டியவை இரண்டையும் செய்யத்தான் நினைத்தேன், வரிசை மட்டும்தான் மாறியது.

என் அறையிலிருந்து காரிடார் வழியாகப் பத்து மீட்டர் கேபிள் இழுத்தேன். மைக்கை அவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினேன். டைல்ஸ் போட்ட அறை, எதிரொலி அதிகம். அவருடைய அலமாரியிலிருந்து துண்டு, போர்வை எல்லாவற்றையும் எடுத்துவந்து அவரைச் சுற்றிலும் நாற்காலிகளில் தொங்கவிட்டேன், ஒன்றைத் தரையில் அவர்மேல் படும்படி விரித்தேன். குளிருக்காகச் செய்கிறேன் என்று நினைத்தார். நன்றி சொன்னார். ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று கேட்டார். வரும் என்றேன்.

"அங்கிள், இப்ப ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் நிதானமா எண்ணுங்க," என்றேன்.

மைக் சோதனைக்கு எல்லோரையும் எண்ணத்தான் சொல்வோம். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நினைவு தெளிவாக இருக்கிறதா என்று மருத்துவமனையில் கேட்பார்களே, அப்படி நான் கேட்பதாக நினைத்து, கண்ணை மூடி, பொறுப்பாக எண்ணினார். பரீட்சை எழுதுகிறவர் மாதிரி ஒரு அக்கறை இருந்தது அதில். பத்து முடிந்ததும் கண்ணைத் திறந்து, சரிதானா என்பதுபோல் என்னைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. புதிய பெட்டியின் டேக் அது. மணி பத்து ஐம்பது.

முணுமுணுப்பாகத் தண்ணீர் கேட்டார். நீங்கள் இந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறீர்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இரண்டாவது டேக் பாக்கி இருந்தது. தண்ணீர் குடித்தால் நாக்கு நனையும், குரல் மாறும், முதல் டேக்கோடு அதை ஒப்பிட முடியாது. இரண்டு பெட்டிக்கும் ஒரே வாய் வேண்டும். அப்புறம் தருகிறேன் என்று அவரிடமும் சொன்னேன். தலையை ஆட்டினார். விழுந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எங்கோ கேட்டிருப்பார் போலிருக்கிறது.

ஒரு விஷயத்தில் என் தவறை ஒப்புக்கொள்கிறேன். ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்னக் கேபிள் இருக்கிறது, ஒரு மைக்கை இரண்டு பெட்டிக்கும் பிரித்துக் கொடுக்கும். அது இருந்திருந்தால் ஒரே டேக்கில் வேலை முடிந்திருக்கும். என்னிடம் இருந்தது பழுதாகிக் கிடந்தது, அன்று எல்லாக் கடையும் பூட்டு. முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவன் அதைச் செய்யாமல் விட்டது பிழைதான். அவரை இரண்டாவது முறை சிரமப்படுத்த வேண்டி வந்ததே அதனால்தான். இதற்காக நான் உண்மையிலேயே வருந்துகிறேன், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டி அப்படியே போட்டவுடன் வேலை செய்யாது. சூடாக ஒரு மணி நேரம் வேண்டும். அதைப் போட்டுவிட்டு என் அறையில் உட்கார்ந்திருந்தபோது வித்யாவிடமிருந்து செய்தி வந்தது. மாமியார் வீட்டுக்கு, மலேசியாவின் ஜொகூருக்குக் கிளம்பியவர், உட்லண்ட்ஸ் பாலத்தில் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். அப்பா போனை எடுக்கவில்லை, நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள், எல்லாம் சரிதானே என்று கேட்டிருந்தார். அந்தச் செய்தி உங்களிடம் இருக்கிறது, என் பதிலும் இருக்கிறது.

"சத்தம் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. பயப்படாதீங்க" என்று எழுதினேன்.

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மைக் திறந்திருந்தது, ஹெட்ஃபோன் என் காதில் இருந்தது, அவர் தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது அத்தனையும் எனக்குக் கேட்டது. அந்த ஒரு மணி நேரமும் அவர் தனியாக இருந்தார் என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வித்யா கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். பாலத்தின் நடுவில் இருந்த கார் திரும்பாமல் ஜொகூர் பக்கமே போனது.

பன்னிரண்டரைக்கு எல்லாம் தயாரானபோது கீழே யாரோ சிங்க நடனத்தை வரவழைத்திருந்தார்கள். மேளமும் தாளமும் கட்டடத்தையே உலுக்கின. எனக்கு எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். வருடத்தில் இரண்டு நாள், அதிலும் இப்படி. அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். அது அடங்கியபிறகு போய்ப் பார்த்தால் அவர் முகம் மெழுகு நிறமாகியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. அறையில் நாற்றம் தாங்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்தால் வெளிச்சத்தம் வரும் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

மறுபடி எண்ணச் சொன்னேன். ஏழோடு நின்றுவிட்டார். குரல் முதல் டேக்கைவிடக் கம்மியாக இருந்தது.

"கொஞ்சம் சத்தமா, அங்கிள். மொதல்ல சொன்ன மாதிரியே."

"சொல்றேன் தம்பி. ஆம்புலன்ஸு வந்துடும்ல?"

மூன்று முறை முயன்றார். மூன்றாவதில் பத்து வரை வந்தார். நன்றாக ஒத்துழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மணி ஒன்று இருபது.

அப்போது ஏன் கூப்பிடவில்லை என்கிறீர்கள். டேக் சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்காமல் யாராவது மைக்கைப் பிரிப்பார்களா? என் அறைக்குப் போய் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். புதியதில் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. பழையதில் ஓரங்கள் மழுங்கி, கதகதப்பாக, அவர் அவரைவிட நல்ல மனிதராக ஒலித்தார். இரைச்சல் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் பழையதுதான் என்று முடிவு செய்தேன். நேரம் போனதே தெரியவில்லை.

நாலரை மணிக்கு ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்தேன். அதற்குள் மைக், கேபிள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, துண்டுகளை மடித்து அலமாரியில் வைத்திருந்தேன். வித்யாவையும் அழைத்து, சத்தம் நின்றுபோனது, அதனால் போய்ப் பார்த்தேன் என்றேன். அதுவும் பொய் இல்லை. மூன்றாம் நாள் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தபோது வித்யா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீங்க மட்டும் இல்லன்னா அப்பா எத்தனை நாள் அப்படியே கெடந்திருப்பாரோ என்று அழுதார். மூக்கிலும் கண்ணிலும் வழிந்தது எல்லாம் என் கையில். மேலே போய்க் கழுவிவிட்டு வந்தேன். அன்றுதான் ஜலாலுதீனும் வந்தார், பெட்டியை நான் வைத்துக்கொள்கிறேனா என்று கேட்க. வைத்துக்கொள்கிறேன் என்றேன். மாலை போட்ட படத்தைப் பார்த்து யார் என்று விசாரித்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர், புத்தாண்டு அன்று தனியாக இருந்தபோது போய்விட்டார் என்று சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒப்பீட்டை என் இணையப் பக்கத்தில் போட்டேன். முதல் குரல், இரண்டாவது குரல், எது புதிய பெட்டி என்று சொல்லவில்லை. நல்ல வரவேற்பு. இருநூறுக்கு மேல் கருத்துகள். பெரும்பாலோர் இரண்டாவதில்தான் உயிர் இருக்கிறது என்று எழுதினார்கள்.

இங்கேதான் எங்கள் தொழிலில் இருக்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழையைச் செய்தேன். வேறு யாராக இருந்தாலும் பத்து என்ற சொல்லோடு வெட்டியிருப்பார்கள். நாங்கள் வெட்டமாட்டோம். பேச்சு முடிந்தபிறகு ஐந்து விநாடி வெறுமையாக விட்டுவைப்போம். கேட்கிறவர்கள் அந்த இடத்தில் ஒலியை முழுவதும் ஏற்றி, பெட்டியின் இரைச்சல் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நானும் அப்படி ஏற்றிக் கேட்டவன்தான். ஆனால் நான் இரைச்சலைத்தான் கேட்டேன். பழைய பெட்டியில் அந்த ஐந்து விநாடியில் இரைச்சல் மட்டும்தான் இருந்தது. புதியதில் இரைச்சலே இல்லாததால், அதன் அடியில் இருந்தது அப்படியே மேலே நின்றிருக்கிறது. ஜலாலுதீன் அதைக் கேட்டுவிட்டு என்னைப் போனில் அழைத்தார்.

"அண்ணே, அந்த ஐயா எண்ணி முடிச்சதும் தம்பி தண்ணின்னு கேக்குறாரு," என்றார். "குடுத்தீங்களா?"

"இன்னொரு டேக் பாக்கி இருந்துச்சு," என்றேன்.

எந்த ஐயா அண்ணே அது, என்னைக்கு எடுத்தீங்க என்று அவர் மெதுவாகக் கேட்டார். நான் தேதியைச் சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அவர் போனை வைத்துவிட்டு நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

நண்பகலுக்குள் மருத்துவமனைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார், உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். மருத்துவருக்கு அவர் வேலை தெரியும், நான் அதில் தலையிட விரும்பவில்லை. பிழைத்திருந்தால் மறுபடி ஐந்து நாற்பது இருக்கும். அதையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்கமாட்டேன், நீங்கள் தவறாக எடுத்துக்கொள்வீர்கள்.

வித்யாவிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினீர்களாம். அவர் வாந்தி எடுத்ததாகச் சொன்னீர்கள். அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

கடைசியாக, என் கணினியில் இரண்டு கோப்புகள் இல்லை, நான்கு இருக்கின்றன என்றீர்கள். மூன்றாவது இருபத்தாறு நிமிடம், நான்காவது சரியாக முப்பது விநாடி, இரண்டிலும் பேச்சே இல்லையே, இவை எதற்கு என்று கேட்டீர்கள். இது தொழில் விஷயம், எளிதாகவே சொல்லிவிடலாம். ஒவ்வொரு அறைக்கும் தனியாக ஒரு மௌனம் உண்டு. குரலைப் பதிவு செய்த அதே இடத்தில், அதே மைக்கில், வெறும் அறையை மட்டும் முப்பது விநாடி பதிவு செய்தாக வேண்டும். பெட்டியின் இரைச்சலை அளக்க அது இல்லாமல் முடியாது. டேக்குகளைக் கேட்டு முடித்தபிறகு இரண்டு பெட்டிக்கும் ஒவ்வொன்று எடுத்தேன், முதலில் புதியதில், பிறகு பழையதில். அந்த முப்பது விநாடியில் வேறு எந்தச் சத்தமும் கலக்கக் கூடாது, மூச்சுவிடுகிற சத்தம்கூட.

மூன்றாவது கோப்பில் எனக்குத் தேவைப்பட்டது கடைசி முப்பது விநாடி மட்டும்தான். அதற்கு முந்தைய இருபத்தைந்தரை நிமிடமும் அவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். நான் என் நாற்காலியில், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். ஒருமுறைகூட அவரை அவசரப்படுத்தவில்லை.